கொதிகலனுக்கு 1892, காதுக்கு 1989



தோட்டப்புறத் தமிழர் வரலாறு என்றதும் கப்பல் பயணம், கங்காணி முறை, லயத்து வீடு, நாள் சம்பளம், தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் எழுதப்பட வேண்டியவை, எழுதப்பட்டும் வருகின்றன. ஆனால் நம் முன்னோர் ஆலையிலும் தோட்டத்திலும் சிறுகச் சிறுக இழந்த ஒன்று இவ்வரலாற்றில் பெரிதாக இடம்பெறவில்லை. அதுதான் அவர்களின் செவிப்புலன். இயந்திரத்தில் விரல் போனால் அந்தக் கை சாகும்வரை சாட்சி சொல்லும். காது போனதற்குத் தழும்பு ஏதுமில்லை. "தாத்தாவுக்குக் காது மந்தம்" என்ற ஒரே வாக்கியத்தோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது. வயதாகிவிட்டது, அதனால் கேட்கவில்லை என்று நாமும் எளிதாக எண்ணிக்கொள்கிறோம்.

அந்த மந்தம் எங்கிருந்து வந்தது, அதைத் தடுக்கும் பொருள் எப்போது தோன்றியது, நம் தொழிலாளரின் காதுக்கு அது எப்போது வந்து சேர்ந்தது, வந்து சேர்ந்த பிறகும் ஏன் பலருடைய சட்டைப்பையிலேயே கிடக்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்களாயின், அதற்கான விடை இரண்டாம் பகுதியில் உள்ளது.

1. மூன்று தொழில்கள், மூன்று இரைச்சல்கள்

கோலா குபு பாரு அமைதிக்குப் பெயர்பெற்ற சிறுநகரம். 1883ஆம் ஆண்டு பழைய கோலா குபுவின் அணை உடைந்து ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. அதன்பின்னும் வெள்ளம் விட்டபாடில்லை. ஆகவே 1920களின் பிற்பகுதியில், அரசாங்க நகரமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டப்படி மேட்டு நிலத்தில் புதிய ஊர் எழுந்தது. பசுமைத் திடல்களும் அகன்ற சாலைகளும் கொண்ட பூங்கா நகரம் அது. ஆயினும் அவ்வூரைச் சுற்றியிருந்த உழைப்பு அமைதியானதாக இருக்கவில்லை. களும்பாங், கெர்லிங், ராசா, பத்தாங் காலி தொடங்கி, மேற்கே புக்கிட் தாகார், சுங்கை திங்கி, பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கோலா சிலாங்கூர் வரை நீளும் வட்டாரத்தை ஈயம், ரப்பர், செம்பனை ஆகிய மூன்று தொழில்களே உருவாக்கின.

ஈயக்கப்பலை இளையோர் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். இரும்பு வாளிகள் சங்கிலியாகச் சுழன்று குளத்தின் அடிமண்ணை அள்ளி மேலே கொட்டும் மிதக்கும் ஆலை அது. இரும்போடு இரும்பு உரசும் ஓசை அதில் ஓயாது. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் பல்லாண்டுகள் ஒலித்த அவ்வோசை, 1985இல் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தபின் மெல்ல அடங்கியது.

ரப்பர்த் தொழிலில் பால்மரம் சீவுவது ஏறக்குறைய ஓசையற்ற வேலை. இருள் பிரியுமுன் கத்தி பட்டையில் வழுக்கும் மெல்லொலி மட்டுமே கேட்கும். இரைச்சல் இருந்தது பால் சேர்ந்த இடத்தில். உறைந்த பாலை அழுத்தித் தகடாக்கும் உருளைகள் ஒருபுறமும், 1965இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்தபின் ரப்பரைத் துண்டுதுண்டாக அரைக்கும் இயந்திரங்கள் மறுபுறமுமாக ரப்பர் ஆலைகள் அதிர்ந்தன.

மூன்றாவது செம்பனை. இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் நம் வட்டாரத்திலேதான் தோன்றியது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். (அவரே பின்னாளில் மலாயாவைக் களமாகக் கொண்டு எழுதிய நாவலுக்காக, 1930இல் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசைப் பெற்றவர்.) பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் அத்தோட்டத்தில் தொடங்கிய பயிர், அரை நூற்றாண்டுக்குப் பின் ரப்பரைப் பின்னுக்குத் தள்ளியது. பத்தாங் பெர்ஜுந்தையும் 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது.

செம்பனை ஆலைக்குள் நுழைந்தவர்களுக்கு அதன் ஓசை தெரியும். குலைகள் நீராவியில் வேகின்றன, சுழலும் உருளையில் பழங்கள் உதிர்கின்றன, திருகு அழுத்திகள் எண்ணெயைப் பிழிகின்றன, கொட்டைகள் உடைக்கப்படுகின்றன, கொதிகலனும் மின்னாக்கப் பொறியும் இரவு பகலாக உறுமுகின்றன. மின்னாக்க அறையிலும் கொட்டை உடைக்கும் பகுதியிலும் ஓசை 85 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். ஒரு கை எட்டும் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்திக் கத்தினால்தான் பேச முடியும் என்றால், ஓசை அந்த அளவை எட்டிவிட்டது என்று கருவி இல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

2. கட்டை, சட்டை, தட்டை, பட்டை

இனி, ஆசிரியர் இதில் தலையிடக் காரணம் கூறுகிறேன்.

நம் உட்செவி நத்தைக்கூடு போல் சுருண்டது. ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒலியை வாங்கி நரம்புக்கு அனுப்புகின்றன. மிகுந்த ஓசை இவற்றை அழிக்கிறது. மனிதரிடத்தில் இவை மீண்டும் முளைப்பதில்லை. பல் விழுந்தால் பொய்ப்பல் கட்டலாம். மயிர்க்கலத்திற்கு மாற்று இல்லை. செவிக்கருவி ஒலியைப் பெரிதாக்கித் தரும்; இழந்த தெளிவை முழுமையாகத் தராது.

இந்த அழிவு எல்லா ஒலிகளிலும் ஒரே சமயத்தில் தொடங்குவதில்லை. இயந்திர இரைச்சலால் முதலில் பழுதடைவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள உயர் அதிர்வெண் பகுதி. குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸ் அளவில். உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. வல்லின மெய்களின் கூர்மை உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஆகவே இரைச்சலில் பல்லாண்டு உழைத்தவருக்கு உயிரொலி கேட்கும், மெய்யொலி மங்கும். 'கட்டை', 'சட்டை', 'தட்டை', 'பட்டை' என்ற நான்கு சொற்களையும் நாம் தெளிவாக உச்சரித்தாலும் அவருக்கு நான்கும் 'அட்டை' போலவே ஒலிக்கும். அவரைச் செவிடர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூப்பிட்டால் திரும்புவார். "கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை" என்பார். சிறுவர்களின் மெல்லிய, உயர்ந்த குரல்தான் அவருக்கு மிகக் கடினம்.

இப்போது முதலாம் ஆண்டுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வாய்விட்டு வாசி, அப்பாவுக்கு வாசித்துக் காட்டு என்று நாம்தானே சொல்லி அனுப்புகிறோம்? பிள்ளை வாசிக்கிறது. தந்தை தலையாட்டுகிறார். 'சட்டை' என்பதைப் பிள்ளை 'தட்டை' என்று வாசித்தாலும் அதே தலையாட்டல்தான். பிழை திருத்தப்படுவதில்லை. சில மாதங்களில், அப்பா கவனிப்பதில்லை என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. வாசிப்பும் நின்றுபோகிறது. தேர்ச்சி அறிக்கை வாங்க வரும் நாளில், ஒரு காதை என் பக்கம் திருப்பி, என் உதட்டையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தந்தையரை ஆண்டுதோறும் காண்கிறேன். "அப்பாவுக்கு டிவி சத்தமா வச்சாத்தான் டீச்சர் கேட்கும்" என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொல்வதையும் கேட்டிருக்கிறேன். எந்த மொழிப் பாடத்திட்டமும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இடைவெளி இது. ஆலையில் இழந்த காது வீட்டில் பிள்ளையின் மொழியைத் தொடுகிறது.

3. சட்டம் எதை முதலில் காத்தது?

இரைச்சல் காதைக் கெடுக்கும் என்பது அண்மைக்கால அறிவு என்று நினைத்துவிட வேண்டா. தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் ரமசினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் ஓயாத சம்மட்டி ஓசையால் செவிப்புலனை இழப்பதை எழுதிவைத்தார்.

1886இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மருத்துவர் தாமஸ் பார் இதை எண்ணிக்கையோடு காட்டினார். நீராவிக் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேர், இரும்பு வார்ப்போர் 100 பேர், அஞ்சல்காரர் 100 பேர் என மூன்று குழுவினரைச் சோதித்தார். பொதுக்கூட்டத்தில் பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்றோர் கொதிகலன் தொழிலாளரில் 75 பேர்; இரும்பு வார்ப்போரில் 12 பேர்; அஞ்சல்காரரில் 8 பேர் மட்டுமே. கொதிகலன் தொழிலாளர் ஒருவருக்குக்கூடச் செவிப்புலன் முழுமையாக இல்லை.

இதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1892இல், நம் சிலாங்கூரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பெயர் சிலாங்கூர் கொதிகலன் சட்டம். ஈயச் சுரங்கங்களில் நீராவிப் பொறிகள் பெருகிய காலம் அது. கொதிகலன் வெடித்தால் உயிரும் போகும், முதலும் போகும். ஆகவே கொதிகலனைச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இது நல்ல சட்டமே; எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். ஆயினும் வரிசையைக் கவனியுங்கள். கிளாஸ்கோவில் கொதிகலன் செய்தவர்களின் காதைப் பற்றிய அறிவு 1886இலேயே இருந்தது. சிலாங்கூரில் சட்டம் முதலில் காத்தது கொதிகலனை.

பின்னர் 1913இல் இயந்திரச் சட்டம் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடப்புக்கு வந்தது. 1932இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1953இல் இயந்திர அவசரச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1967இல் தொழிற்சாலை, இயந்திரங்கள் சட்டமும் வந்தன. கொதிகலனிலிருந்து இயந்திரம், இயந்திரத்திலிருந்து தொழிற்சாலை, தொழிற்சாலையிலிருந்து அங்கே நிற்கும் மனிதர் எனச் சட்டத்தின் பார்வை மெல்ல நகர்ந்தது. அம்மனிதரின் காதுக்கென்று எண் குறித்த தனி விதி வந்தது 1989இல்தான். கொதிகலன் சட்டத்திற்கும் காதுக்கான விதிக்கும் இடைவெளி 97 ஆண்டுகள். தென்னமரத்தில் முதல் செம்பனை நட்ட ஆண்டிலிருந்து எண்ணினாலும் 72 ஆண்டுகள். மூன்று தலைமுறைக் காதுகள் அந்த இடைவெளியில் உழைத்து ஓய்ந்தன.

4. மெழுகிலிருந்து நுரைவரை

அந்த 97 ஆண்டுகளில் காதடைப்பான் என்ற பொருளே இல்லாமலிருந்ததா? இருந்தது.

பெர்லின் நகர மருந்தாளர் மாக்ஸிமிலியன் நெக்வர் 1907இல் மெழுகையும் பஞ்சையும் சேர்த்து உருட்டிய காதடைப்பானை உருவாக்கி 'ஓரோபாக்ஸ்' என்று பெயரிட்டார். காதைக் குறிக்கும் செருமானியச் சொல்லையும் அமைதியைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லையும் இணைத்த பெயர் அது. கிரேக்கக் காவியமான ஒடிசியில், மயக்கும் பாடலிலிருந்து தப்பிக்க மாலுமிகள் காதில் மெழுகு அடைத்துக்கொள்ளும் நிகழ்ச்சியே அவருக்குத் தூண்டுதல். முதல் உலகப் போரில் பீரங்கி ஓசையிலிருந்து காத்துக்கொள்ளப் போர்வீரர்கள் அதைப் பயன்படுத்தினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினருக்காகக் காதின் அளவுக்கேற்பப் பல அளவுகளில் ரப்பர் போன்ற மென்பொருளாலான அடைப்பான் வந்தது. மலாயாத் தோட்டங்களின் ரப்பர் உலகெங்கும் சென்ற காலத்தில், அந்த ரப்பரை அரைத்தவர்களின் காதில் இருந்தது பெரும்பாலும் பஞ்சோ துணித்துண்டோதான் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பஞ்சு தடுக்கும் ஓசை மிகச் சிறிதே. காப்பு இருக்கிறது என்ற மனநிறைவை மட்டும் அது தந்தது.

1962இல் ரேமண்ட், சிசிலியா பென்னர் இணையர் அமெரிக்காவில் காதின் வாயிலில் அப்பிக்கொள்ளும் சிலிக்கோன் அடைப்பானை அறிமுகப்படுத்தினர். பெரிய மாற்றம் 1967இல் நேர்ந்தது. ராஸ் கார்ட்னர் என்பவரும் அவருடைய குழுவினரும் அதிர்வை உறிஞ்சும் பிசின் ஒன்றை ஆராய்ந்தபோது, அழுத்தினால் சுருங்கி, விட்டால் மெதுவாக விரியும் நுரைப்பொருள் கிடைத்தது. உருட்டிக் காதில் வைத்தால் காதுக்குழாயின் வடிவத்திற்கேற்ப அதுவே விரிந்து நிற்கும். 1972இல் அது சந்தைக்கு வந்தது. இன்று தொழிற்சாலைகளில் காணும் மஞ்சள் நிற உருளைக்கு இதுவே மூதாதை.

இந்த வரலாற்றில் ஒரு செய்தி பொதிந்திருக்கிறது. மெழுகு முதல் நுரை வரை ஒவ்வொருவரும் தீர்க்க முயன்ற சிக்கல் ஒன்றே: ஓசையைத் தடுக்க வேண்டும், ஆனால் காதில் வைத்திருக்கும்படியாகவும் இருக்க வேண்டும். வலிக்கும் அடைப்பானை எவரும் வைத்திருக்க மாட்டார். கழற்றிய அடைப்பான் எதையும் தடுக்காது.

5. இரண்டு மணி நேரமும் பதினைந்து நிமிடமும்

1989ஆம் ஆண்டின் ஓசை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என வரம்பு வகுத்தன. ஓசை 5 டெசிபல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும். 95க்கு 4 மணி, 100க்கு 2 மணி. அவ்விதிகள் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தவையாதலால் தொழிற்சாலை என்ற வரையறைக்குள் அடங்கிய இடங்களுக்கே பொருந்தின. ஆலைக்குள் இருந்தவர் காக்கப்பட்டார். வெளியே முதுகில் புல்வெட்டும் இயந்திரத்தைச் சுமந்து செம்பனை நிரைகளுக்கிடையே நடந்தவருக்கு அந்த எண்கள் எட்டவில்லை.

1994இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேளாண்மையையும் தன் வட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன் கீழ் 2019 ஜூன் 1இல் புதிய ஓசை விதிகள் நடப்புக்கு வந்தன. வரம்பு 85 டெசிபலாகக் குறைந்தது. ஓசை 3 டெசிபல் கூடினாலே அதன் ஆற்றல் இரட்டிப்பாகிறது என்ற அறிவியல் உண்மையைப் பின்பற்றி, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி. (1967ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 1இல் நீக்கப்பட்டு, இன்று 1994ஆம் ஆண்டுச் சட்டமே நிற்கிறது.)

புல்வெட்டும் இயந்திரத்தை இயக்குபவரின் காதருகே ஓசை ஏறக்குறைய 100 டெசிபல் இருக்கும். பழைய கணக்கு அதற்கு 2 மணி நேரம் கொடுத்தது. புதிய கணக்கு கொடுப்பது 15 நிமிடம். இயந்திரம் மாறவில்லை, காதும் மாறவில்லை. காதைப் பற்றிய நம் அறிவுதான் திருந்தியது.

புதிய விதிகளின்படி ஓசையை அளப்பதும், இயன்றவரை அதன் மூலத்திலேயே குறைப்பதும், வரம்பை மீறிய இடத்தில் காதுக் காப்பு வழங்குவதும், தொழிலாளரின் செவிப்புலனைச் சோதிப்பதும் முதலாளியின் கடமை. காப்புக் கருவிக்குத் தொழிலாளரிடம் காசு வாங்கக் கூடாது. ரவாங், செரண்டா, புக்கிட் பெருந்தோங் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் பெற்றோர்கள் இவ்வுரிமையைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். தொழில் இரைச்சலால் செவிப்புலன் குன்றினால் சொக்சோவிடம் இழப்பீடு கோரவும் வழி உண்டு.

6. எதைத் தேர்ந்தெடுப்பது?

சட்டம் காதின் வாயில்வரை வந்துவிட்டது. உள்ளே செல்வது நம் கையில் இருக்கிறது. நண்பர்களும் பெற்றோர்களும் அடிக்கடி கேட்பனவற்றுக்கு, நான் படித்தும் கேட்டும் அறிந்த அளவில் விடை தருகிறேன்.

முதலாவது, உறையின் மீதுள்ள எண். அமெரிக்க முறையில் 29 என்று போட்டிருந்தால், 100 டெசிபலில் 29ஐக் கழித்து 71 என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அந்த எண் ஆய்வுக்கூடத்தில், பயிற்சி பெற்றவர் சரியாகப் பொருத்தியபோது கிடைத்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் எச்சரிக்கையான கணக்கின்படி, எண்ணிலிருந்து 7ஐக் கழித்து மீதியைப் பாதியாக்க வேண்டும். 29 அப்போது 11 ஆகிறது. காதுக்குள் 89 டெசிபல் போகிறது. வரம்பைவிட அதுவும் மிகுதிதான். ஆகவே புல்வெட்டுபவர் அடைப்பானோடு வேலை நேரத்தையும் குறைக்க வேண்டும், அல்லது அடைப்பானுக்கு மேல் காதுமூடியும் அணிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் காப்பு இரட்டிப்பாகிவிடாது. ஏறக்குறைய 5 டெசிபலே கூடும். அந்த ஐந்தும் பெரிதே.

இரண்டாவது, அணியும் நேரம். 30 டெசிபல் தடுக்கக்கூடிய மிகச் சிறந்த அடைப்பானை எட்டு மணி நேர வேலையில் அரை மணி நேரம் மட்டும் கழற்றிவைத்தால், அன்றைய நாளுக்குக் கிடைக்கும் காப்பு 12 டெசிபலாகக் குறைந்துவிடுகிறது. நாள் முழுதும் அணிந்த 20 டெசிபல் அடைப்பான் அதைவிட நன்று. இதனால்தான் வசதி என்பது ஆடம்பரமன்று. வசதியே காப்பு.

மூன்றாவது, கையும் வேலையும். நுரை அடைப்பானை விரலால் உருட்டித்தான் வைக்க வேண்டும். எண்ணெயும் உரமும் ரப்பர்ப் பாலும் படிந்த கையால் உருட்டினால் அழுக்கு காதுக்குள் செல்லும், சீழ் பிடிக்கலாம். அத்தகையோருக்கு, காம்பைப் பிடித்துச் செருகும் வார்ப்பு அடைப்பான் ஏற்றது. கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டிய வேலைக்குக் கழுத்தில் தொங்கும் வளையத்தோடு கூடிய அடைப்பான் உதவும். காதுமூடி பொருத்துவதற்கு எளிது. ஆனால் நம் வெப்பத்தில் வியர்க்கும். மூக்குக்கண்ணாடியின் கம்பியும் தலைத்துணியும் இடையில் புகுந்தால் இடுக்கு வழியே ஓசை கசியும்.

நான்காவது, அளவு. எல்லாருக்கும் ஒரே காதன்று. ஒருவருடைய இரு காதுகளின் அளவுகூட வேறுபடலாம். அழுத்தி வலித்தால் பெரிது. தானே நழுவினால் சிறிது. வலியைப் பொறுத்துக்கொள்வதைவிட வேறு அளவைக் கேட்டுப் பெறுவதே முறை.

ஐந்தாவது, வைக்கும் முறை. கையைக் கழுவி, நுரையைச் சுருக்கமின்றி மெல்லிய குச்சிபோல் உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுசென்று காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் காதுக்குழாய் நேராகும். உள்ளே செலுத்தி, விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக அமர்ந்ததா என்று அறிய இரு உள்ளங்கைகளாலும் காதுகளை மூடித் திறந்து பாருங்கள். ஓசையில் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் அடைப்பான் நன்றாக அமர்ந்திருக்கிறது. மூடியதும் ஓசை வெகுவாகக் குறைந்தால், அடைப்பானின் ஓரத்தில் கசிவு இருக்கிறது. கழற்றும்போது திருகியபடி மெதுவாக எடுக்க வேண்டும்.

ஆறாவது, மிகையான காப்பும் தீங்கே. காதுக்குள் செல்லும் ஓசை 70 டெசிபலுக்கும் கீழே போனால் எச்சரிக்கை மணியும் உடன் வேலை செய்பவரின் குரலும் கேட்காமல் போகலாம். உலகமே அடைபட்டது போன்ற உணர்வில் அடைப்பானைக் கழற்றிவிடுவார்கள். எண் மிகப் பெரியதே சிறந்தது என்று எண்ண வேண்டா.

காதில் சீழோ செவிப்பறையில் துளையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அடைப்பான் வைக்கக் கூடாது.

7. பள்ளியிலிருந்து தொடங்குவோம்

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். கோயில் திருவிழாவில் உருமி மேளத்திற்கு மிக அருகிலும், மண்டபங்களில் ஒலிபெருக்கியின் முன்னாலும் குழந்தைகளை நிறுத்துகிறோம். மேளம் நம் உயிர். அதை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளையைச் சில அடிகள் தள்ளி நிறுத்தலாம். சிறுவர்க்குரிய காதுமூடி போடலாம். பெரியவர்களுக்கான நுரை அடைப்பான் சிறு குழந்தையின் காதுக்குப் பொருந்தாது; வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். காதொலிக் கருவியில் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கு, வாரத்திற்கு 40 மணி நேரம் 75 டெசிபல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை.

ஆசிரியர்களே, நம் பள்ளித் திடலிலும் புல்வெட்டும் இயந்திரம் ஓடுகிறது. அவ்வோசை வந்ததும் நாம் வகுப்பின் சன்னலைச் சாத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறோம். வெளியே இருப்பவருக்குச் சாத்திக்கொள்ளச் சன்னல் இல்லை. கூட்டுப்பணி நாளில் அந்த இயந்திரத்தைத் தோளில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் நம் மாணவர்களின் தந்தையர்தாம். ஆகவே என் பரிந்துரை மிகச் சிறியது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இரண்டு காதுமூடிகளும் ஒரு பெட்டி நுரை அடைப்பான்களும் வாங்கி, இயந்திரம் வைக்கும் அறையிலேயே மாட்டிவைக்கட்டும். ஓர் இணை நுரை அடைப்பானின் விலை ஒரு குவளைத் தேநீரின் விலைகூட ஆகாது. எப்படி வைப்பது என்பதைக் கூட்டத்தின்போது ஐந்து நிமிடம் செய்து காட்டினால் போதும். அதைக் கற்றவர் மறுநாள் ஆலையிலும் அவ்வாறே செய்வார்.

பெற்றோர்களே, இன்றிரவு ஒரு சிறு சோதனை செய்யுங்கள். உங்கள் பிள்ளையை முதுகு காட்டி நிற்கச் சொல்லி, நான்கு அடி தள்ளி, இயல்பான குரலில் 'கட்டை, சட்டை, தட்டை, பட்டை' என்ற சொற்களை வரிசை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். இது மருத்துவச் சோதனையன்று. ஆயினும் இரண்டு மூன்று சொற்கள் தவறினால், அரசாங்க மருத்துவமனையில் செவிப்புலன் சோதனைக்கு வழி கேளுங்கள். நாளை வேலைக்குப் போகும்போது அடைப்பானை மறவாதீர்கள். உங்கள் பிள்ளையின் வாசிப்பைக் கேட்க இன்னும் பல ஆண்டுகள் அந்தக் காது தேவைப்படும்.